எங்கள் வீட்டு ‘காந்தி பெட்டி’ எங்கே போயிருக்கும்? தேட வழி சொல்லுங்கள்

தறிப்பேட்டைப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டை, இப்போது இருப்பது கொளத்தூர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தனியாகத் தேடி ஓய்ந்துபோய் இங்கே கேட்கிறேன்.

1933 டிசம்பரில் காந்தி ஹரிஜன நிதிக்காகச் சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் போன இடமெல்லாம் மக்கள் உபசாரப் பத்திரம், அதாவது வரவேற்பு மடல், வாசித்து, அதை வெள்ளிப் பேழையில் வைத்துக் கொடுப்பார்கள். அவர் மேடையிலேயே அந்தப் பேழையை ஏலம் விட்டுப் பணத்தை நிதியில் சேர்த்துவிடுவார். அப்படி ஏலம் விட்ட ஒரு பேழையை எங்கள் தாத்தா எடுத்தார். அய்யா முதலி தெருவில் சின்னதாக நூல் கடை வைத்திருந்தவர். பெரிய பணக்காரர் இல்லை. ஏலத்தில் கை தூக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொல்லவே பயந்தாராம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘காந்தி பெட்டி’. நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பே அது வீட்டில் இல்லை. சின்ன அத்தை பார்த்திருக்கிறார். அவருக்கு இப்போது 86 வயது, அயனாவரத்தில் இருக்கிறார். ஒரு சாண் நீளம், நாலு மூலையிலும் யாளிக் கால், மூடியில் ராட்டை, உள்ளே சிவப்புப் பட்டு, முன்பக்கம் எழுத்து வெட்டிய ஒரு தகடு என்று சொல்கிறார். சரஸ்வதி பூஜை அன்று மட்டும் வெளியே வருமாம். பிள்ளைகள் தொடக்கூடாது, தாத்தாவே விபூதி போட்டுத் துடைப்பாராம்.

அப்புறம் அது என்ன ஆயிற்று என்பதில்தான் குழப்பம். சின்ன அத்தை, “சீனா யுத்தத்தப்போ பாதுகாப்பு நிதிக்குக் குடுத்துட்டோம்டி” என்கிறார். தாம்பரத்தில் இருக்கும் சித்தப்பா, “அதெல்லாம் இல்லை, தங்கசாலைத் தெருவில் ஒரு சேட்டு கடையில் அடகு வைத்து மூழ்கிப்போச்சு” என்கிறார். இரண்டு பேரும் நேரில் பார்த்த மாதிரியே சொல்கிறார்கள்.

என் கையில் இருக்கும் ஒரே எழுத்து ஆதாரம் தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். ஓரம் செல்லரித்துவிட்டது. மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: “ஸ்ரீமுக வருடம் மார்கழி 6. காந்தி பெட்டி 1. 48 ரூ எ”. அதாவது 48 ரூபாய்க்கு ஏலம் எடுத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

எங்கே போய்த் தேடுவது? அருங்காட்சியகமா, பழைய வெள்ளி வாங்குகிறவர்களா, ஆவணக் காப்பகமா? பெட்டியைத் திரும்ப வாங்கும் எண்ணம் இல்லை, என் பென்ஷனுக்கு அது கட்டுப்படியாகாது. அந்தத் தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரிய வேண்டும். தாத்தா காசு கொடுத்து எடுத்தாலும் அது வேறு யாரோ கூடிச் சேர்ந்து காந்திக்குக் கொடுத்த பொருள். அந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. இவ்வளவு வருடம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, கொடுத்தவர்கள் பெயரைத் தொலைத்துவிட்டோமே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

---

பட்டறைக்காரன்:

டீச்சரம்மா, வணக்கம். சௌகார்பேட்டையில் எங்களுக்கு மூன்று தலைமுறையாக வெள்ளிப் பட்டறை. உங்கள் பதிவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

‘48 ரூ எ’ என்பது ஏலம் இல்லை அம்மா. ஏலம் என்றால் ‘ஏ’ போட்டிருப்பார். குறில் ‘எ’ போட்டால் அது எடை. எங்கள் அப்பா காலத்துச் சீட்டில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் வெள்ளியை ரூபாய் எடையில்தான் நிறுத்தார்கள். ஒரு வெள்ளி ரூபாய் நாணயம் ஒரு தோலா, 11.66 கிராம். தராசில் ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் ரூபாய் நாணயம். 48 ரூபாய் எடை என்றால் ஏறக்குறைய 560 கிராம். ஒரு சாண் நீளப் பெட்டிக்கு அது சரியான எடைதான், கொஞ்சம் மெல்லிய தகட்டில் செய்தது. என்ன விலைக்கு எடுத்தார் என்பது செல்லரித்த பக்கத்தில் போயிருக்கும்.

இந்த மாதிரிப் பேழை எப்படிச் செய்வார்கள் என்று சொல்கிறேன், தேட உதவும். குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின கலவையை ஒரு பலகையில் பரப்பி, அதன்மேல் வெள்ளித் தகட்டை ஒட்டி, சின்னச் சின்ன உளியால் தட்டித் தட்டி உருவம் எழுப்புவார்கள். யாளிக் காலெல்லாம் தனியாக வார்த்துப் பொடி வைத்து ஊதுவது, அதாவது நெருப்பில் பற்றவைப்பது. ஆனால் எழுத்துத் தகட்டை ஊத மாட்டார்கள். அதை நாலு மூலையிலும் சின்ன வெள்ளி ஆணி அடித்துத்தான் பொருத்துவார்கள். காரணம், பெட்டி கடையில் முன்பே தயாராக இருக்கும். யார் கொடுக்கிறார்கள், யாருக்கு, என்ன தேதி என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். தகட்டில் மட்டும் எழுத்து வெட்டி அடித்துக் கொடுத்துவிடலாம்.

அதனால் பெட்டி ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமும் போயிருக்க வாய்ப்பு உண்டு. எங்கள் பட்டறைக்கே பழைய கோப்பை, கேடயம் உருக்க வரும்போது பல பேர் பெயர்த் தகட்டைப் பெயர்த்துக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். பெயர் எழுதினதை நெருப்பில் போட மனசு வராது.

ஹால்மார்க் முத்திரை வைத்துத் தேடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் நாட்டில் வெள்ளிக்கு அது 2005இல்தான் வந்தது. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் மாதிரிப் பெரிய கடை என்றால் கடைப்பெயர் அடித்திருக்கும். கடைத்தெருப் பட்டறையில் செய்ததில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. அந்த நோட்டில் வேறு பக்கங்களும் இருக்கிறதா? ‘உருக்கு’, ‘சேதாரம்’ என்று எங்கேயாவது வருகிறதா பாருங்கள்.

---

பழைய ஏடு:

அம்மா, நான் நூலகத்தில் வேலை பார்த்தவன், நாளிதழ்ப் பிரிவில்தான் அதிக வருடம்.

முதலில் தேதி. ஸ்ரீமுக வருடம் 1933 ஏப்ரலில் தொடங்கி 1934 ஏப்ரலில் முடிகிறது. மார்கழி 6 என்பது டிசம்பர் 20ஐ ஒட்டி வரும். காந்தி சென்னையில் இருந்ததும் அதே நாட்களில்தான். ஆகவே உங்கள் தாத்தா ஏலம் எடுத்த கையோடு, அந்த ஓரிரு நாளிலேயே கணக்கில் ஏற்றியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கதை உண்மை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 1934 ஜனவரி, பிப்ரவரியில் அவர் மற்ற தமிழ் மாவட்டங்களுக்குப் போனபோதும் இதே மாதிரி ஏலங்கள் நடந்தன. தேதி இல்லாமல் இருந்திருந்தால் எந்த ஊர் என்றே சொல்ல முடியாமல் போயிருக்கும்.

நாளிதழ்களில் ‘சுதேசமித்திரன்’, ‘இந்து’ இரண்டையும் பாருங்கள். ‘தினமணி’யில் தேட வேண்டாம், அது 1934 செப்டம்பரில்தான் தொடங்கியது. கூட்டத்தில் எந்தெந்தச் சங்கம் பத்திரம் வாசித்தது, எவ்வளவு பணமுடிப்பு கொடுத்தது என்றெல்லாம் அந்தக் கால நிருபர்கள் பொறுமையாக எழுதுவார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். தேதியை எழுதிக்கொண்டு போங்கள். தேதியோடு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது சுலபம்.

காந்தியின் எழுத்துத் தொகுப்பு மொத்தம் 100 தொகுதி. அச்சுப் பதிப்பில் 1933 செப்டம்பர் முதல் 1934 ஜனவரி வரை 56ஆம் தொகுதியில் இருக்கிறது. சபர்மதி ஆசிரமம் நடத்தும் காந்தி பாரம்பரிய இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். சென்னையில் பேசிய பேச்சுகள் அதில் உண்டு. பத்திரம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம் என்பதால் உங்களுக்குப் பெயர் கிடைக்க இடம் இருக்கிறது.

பேழை வேறு, அதற்குள் இருந்த பத்திரம் வேறு என்பதையும் மறக்காதீர்கள். சில இடங்களில் பத்திரத்தையும் சேர்த்தே ஏலம் விட்டிருக்கிறார். மற்றவை அவரோடு போயின. சபர்மதியில் அவருக்குக் கொடுத்த வரவேற்பு மடல்களைத் தனிச் சேகரிப்பாகவே பாதுகாக்கிறார்கள். அங்கே ஒரு கடிதம் போட்டு வையுங்கள்.

கணக்கு நோட்டைப் பற்றிப் பட்டறைக்காரத் தம்பி கேட்டது சரியான கேள்வி. பழைய நோட்டுகளில் எழுத்தாகவே தெரியாத சில குறிகள் வரும். வரவு ௷, பற்று ௶, ரூபாய் ௹. முக்கியமானது ௸. இது ‘மேற்படி’. கிறுக்கல் மாதிரி இருக்கும், பல பேர் தாண்டிப் போய்விடுவார்கள். ‘காந்தி பெட்டி’ என்று முழுதாக எழுதாமல் ‘௸ பெட்டி’ என்று எழுதியிருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

---

ராயபுரம் ரவுண்டானா:

அக்கா, அடகுக் கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் மாமா அடகுக் கடையில் கணக்கு எழுதியவர். 1943ஆம் வருட அடகுக்காரர் சட்டப்படி மூழ்கின பொருளைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது, பொது ஏலம் விட வேண்டும். வைத்தவர் கையில் கண்டிப்பாக ஒரு சீட்டு இருக்கும். உங்கள் தாத்தா வெள்ளியின் எடை வரைக்கும் எழுதி வைத்தவர். அடகுச் சீட்டைத் தொலைத்திருப்பாரா?

பாதுகாப்பு நிதியும் அப்படித்தான். 1962இல் எங்கள் பாட்டி இரண்டு வளையல் கொடுத்தார், அதற்கு வாங்கின ரசீதை இன்னும் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். காந்தி பெட்டியைக் கொடுத்திருந்தால் உங்கள் வீட்டிலும் அந்த ரசீது சுவரில் தொங்கியிருக்கும். நோட்டையே பாருங்கள் அக்கா.

---

தறிப்பேட்டைப் பேத்தி:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாளாக வேறு வேலையே ஓடவில்லை.

நோட்டு ஒன்று இல்லை, ஏழு. பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மேலே இருந்த ஒன்றைத்தான் நான் இதுவரை பார்த்திருந்தேன். மற்ற ஆறையும் இறக்கி, நாப்தலின் வாடை போக மொட்டைமாடியில் நிழலில் காய வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ௸ என்ற குறி பக்கத்துக்குப் பத்து தடவை வருகிறது. ‘௸ நூல்’, ‘௸ பாக்கி’, ‘௸ ஆள் கூலி’. இத்தனை நாளும் அதைத் தாத்தாவின் கையெழுத்துச் சுழிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஆறாவது நோட்டில் கர வருடம் ஆடி மாதக் கணக்கு. கர வருடம் என்றால் 1951. பெரிய அத்தைக்கு அந்த ஆவணியில்தான் கல்யாணம். கல்யாணச் செலவுப் பட்டியல் நாலு பக்கம் ஓடுகிறது. சமையல்காரர் முன்பணம், பந்தல், பட்டு, மேளம். அதற்கு நடுவில், மற்ற வரிகளைவிடச் சின்ன எழுத்தில் இது இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

“காந்தி வகை. ௸ பெட்டி தகடு நீக்கி 46 ரூ எ. உருக்கு. பன்னீர்ச் செம்பு 22. சந்தனக் கிண்ணம் 9. சிமிழ் 4. சேதாரம் 1. கூலிக்குக் கழிவு 10.”

22, 9, 4, 1, 10. கூட்டினால் 46. நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், அந்தக் கூட்டலை நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

அடகில் மூழ்கவும் இல்லை, யுத்த நிதிக்குப் போகவும் இல்லை. பெரிய அத்தையின் கல்யாணத்துக்காகத் தாத்தாவே உருக்கக் கொடுத்திருக்கிறார். வெள்ளிச் சாமான் இல்லாமல் பெண்ணை அனுப்பக்கூடாது என்று பாட்டி அழுததாகச் சின்ன அத்தை இப்போது ஞாபகப்படுத்திச் சொல்கிறார். பெட்டி போனது யாருக்கும் தெரியக்கூடாது என்று தாத்தா நினைத்திருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லியிருப்பார்.

அந்தப் பன்னீர்ச் செம்பு என் பீரோவில்தான் இருக்கிறது. பெரிய அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு செம்பும் கிண்ணமும் என்னிடம் வந்தன. எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் வாசலில் வரவேற்புத் தட்டில் வைப்பது அதைத்தான். ஏழு வயதில் சித்தப்பா கல்யாணத்தில் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்தது நான்தான். கழுத்தைப் பிடித்தால் உள்ளங்கை சில்லென்று இருக்கும். ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும், அது நான் போட்டு உடைத்தது.

நேற்று செம்பையும் கிண்ணத்தையும் மஞ்சள் பையில் வைத்து, புரசைவாக்கத்தில் ஒரு கடையில் எடை போடச் சொன்னேன். செம்பு 254 கிராம், கிண்ணம் 103 கிராம். 22 ரூபாய் எடை 256 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 9 ரூபாய் எடை 105. விற்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சிமிழ் எங்கே என்று தெரியவில்லை, அது போகட்டும்.

பட்டறைக்காரத் தம்பிக்கு ஒரு கேள்வி. எடை 254தான் வருகிறதே, இரண்டு கிராம் குறைவதால் இது வேறு செம்பாக இருக்குமோ?

---

பட்டறைக்காரன்:

அதே செம்புதான் அம்மா, சந்தேகமே வேண்டாம். எழுபது வருடமாக விபூதி போட்டுத் தேய்த்தால் இரண்டு கிராம் தேயத்தான் செய்யும். குறையாமல் இருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

‘தகடு நீக்கி’ என்பதைக் கவனித்தீர்களா? 48இல் 46 போக இரண்டு ரூபாய் எடை. 23 கிராம். நான் சொன்ன ஆணி அடித்த எழுத்துத் தகடு அந்த எடைதான் வரும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அது நெருப்புக்குப் போகவில்லை. உங்கள் தாத்தா அதைப் பெயர்த்துக் கையில் வாங்கியிருக்கிறார். நாலு மூலையிலும் ஆணி ஓட்டை இருக்கும். கறுத்துப்போய்த் தகரம் மாதிரித் தெரியும். வெள்ளி என்று யாருக்கும் தோன்றாது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

---

தறிப்பேட்டைப் பேத்தி:

தம்பி, உங்கள் பதிலைச் சித்தப்பாவுக்குப் போனில் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “கடையில் கல்லாவுக்கு மேல காந்தி படம் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு அடியில சட்டத்தில கறுப்பா ஒரு தகடு அடிச்சிருக்கும். படத்தோட பேருன்னு நினைச்சேன்” என்றார். தினம் காலையில் கடை திறந்ததும் தாத்தா முதலில் அந்தச் சட்டத்தைத்தான் துணியால் துடைப்பாராம்.

கடையை 1978இல் காலி செய்தோம். சாமி படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காந்தி படம் சுவரோடு பதித்த மாதிரி இருந்ததால் அங்கேயே விட்டுவிட்டதாகச் சித்தப்பா சொல்கிறார். அந்த இடத்தில் இப்போது பைண்டிங் கடை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலையில் நானும் சித்தப்பாவும் போகிறோம். முன்பு இருந்த கடைக்காரர்கள் யார், சுவரை எப்போது இடித்துப் பூசினார்கள் என்று கேட்க வேண்டும். அதே தெருவில் மூன்று தலைமுறையாகப் பிரேம் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கிறோம்.

பழைய ஏடு ஐயா சொன்ன 56ஆம் தொகுதியில் சென்னைப் பேச்சுகளை எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கன்னிமாராவுக்குப் போகிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில், முக்கியமாக அய்யா முதலி தெரு, அருணாசலத் தெரு பக்கம் யாராவது இருந்தால் உங்கள் வீட்டிலோ கடையிலோ மரச்சட்டம் போட்ட பழைய காந்தி படம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ச்சட்டத்தில் கறுத்த தகடு, நாலு மூலையில் ஆணி. படம் உங்களிடமே இருக்கட்டும். தகட்டை மெல்லிய துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து இங்கே போட்டால் போதும்.